எண்ணம் வந்தால் வரட்டும், வேலை நடக்கட்டும்!

(பட்டிமன்றத் தலைப்பு: வேண்டாத எண்ணங்களின் தொல்லை தீரச் சிறந்த வழி, துணிந்து எதிர்கொள்வதா? மனம் ஒப்பி ஏற்றுக்கொள்வதா? ‘ஏற்றுக்கொள்வதே’ என்ற அணியில் இரண்டாவதாகப் பேசியது.)

நடுநிலை தவறாத நடுவர் ஐயா அவர்களே, எங்கள் அணித் தலைவர் அவர்களே, நான் வாயைத் திறப்பதற்கு முன்பே குறிப்பெடுக்க ஆரம்பித்துவிட்ட எதிரணி நண்பர்களே (சிரிப்பு), அரங்கம் நிறைந்திருக்கும் பெரியோர்களே, அடுப்பில் குழம்பை வைத்துவிட்டு டி.வி. முன்னால் வந்து உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே! தாய்மார்களுக்கு மட்டும் ஒரு வேண்டுகோள். போய் அடுப்பைச் சிம்மில் வைத்துவிட்டு வாருங்கள். நான் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்வேன். (சிரிப்பு)

எதிரணிச் சகோதரி அருமையாகப் பேசினார். “பாம்பைப் பார்த்துப் பரண்மேல் ஏறி உட்கார்ந்தால் பாம்பு போய்விடுமா? இறங்கி நின்று பார். பாதி நேரம் அது பாம்பே இல்லை, பழுதைக் கயிறு” என்றார். 1966-ம் ஆண்டு லண்டனில் விக்டர் மேயர் என்ற உளவியலாளர் செய்த சிகிச்சையைச் சொன்னார். எதற்குப் பயமோ அதைத் தொட வைத்து, தொட்ட பிறகு கழுவவிடாமல் தடுத்து, இரண்டு நோயாளிகளைத் தேற்றிக் காட்டினார் மேயர். அதுவரை இந்த நோய்க்கு மருத்துவ உலகம் கையைப் பிசைந்துகொண்டுதான் நின்றது. சகோதரி சொன்னதில் ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை. நான் ஒப்புக்கொள்கிறேன்.

என்னடா இது, வந்ததும் எதிரணிக்குப் பாயை விரிக்கிறாளே என்று எங்கள் தலைவர் முகம் சுண்டிப்போச்சு. (சிரிப்பு) பொறுங்கள் தலைவரே. அதே சகோதரி போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னார். “ஏற்றுக்கொள்வது என்றால் என்ன? எல்லாம் தலைவிதி என்று கையைக் கட்டி உட்கார்வது” என்றார். அந்த ஒரு வரிக்குப் பதில் சொல்லத்தான் ஐயா நான் எழுந்து வந்திருக்கிறேன்.

முதலில் நோய் எது என்று தெரிய வேண்டும். இப்போது ஒரு நாகரிகம் வந்திருக்கிறது. வீட்டைக் கொஞ்சம் சுத்தமாக வைத்திருக்கும் மாமியாரைப் பார்த்து மருமகள் சொல்கிறாள், “எங்க அத்தைக்கு ஓ.சி.டி.” (சிரிப்பு) அது ஓ.சி.டி. இல்லை தாயே, அது சுத்தம். உனக்கு அது இல்லாததால் நோய் மாதிரித் தெரிகிறது. (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

ஓ.சி.டி. என்பது இரண்டு மாடு பூட்டிய செக்கு. ஒரு மாடு எண்ணம். வேண்டாம் வேண்டாம் என்றாலும் வந்து நிற்கிற எண்ணம். இன்னொரு மாடு சடங்கு. அந்த எண்ணத்தின் பயம் தணிய நாம் செய்கிற காரியம். ‘சிலிண்டரை மூடினேனா?’ இது எண்ணம். பாதி வழி போய்த் திரும்பி வந்து பார்ப்பது சடங்கு. ஒரு தரம் பார்த்தால் ஜாக்கிரதை. முப்பது தரம் பார்த்து, பஸ்ஸைவிட்டு, வேலையைவிட்டு, அழுதுகொண்டு வாசலிலேயே நின்றால் அது நோய். நூறு பேரில் ஒருவர் இருவருக்கு வாழ்நாளில் எப்போதாவது வருகிற நோய். சடங்கு செய்தால் ஐந்து நிமிஷம் நிம்மதி. ஆறாவது நிமிஷம் செக்கு மறுபடி சுற்றும்.

இப்போது என் வீட்டுக் கதைக்கு வருகிறேன். எங்கள் வீட்டில் காய் நறுக்குவது என் வீட்டுக்காரர். (சிரிப்பு, கைதட்டல்) இதோ மூன்றாவது வரிசையில்தான் இருக்கிறார். கேமராத் தம்பி, அவரைக் காட்டிவிடாதீர்கள், ஊரில் மானம் போய்விடும். (சிரிப்பு) மூன்று வருஷம் நறுக்கினார் ஐயா. வெங்காயம், கத்திரிக்காய், வாழைப்பூ, எல்லாம். அக்கம்பக்கத்துப் பெண்கள் எல்லாம், “உனக்கு வாய்ச்ச புருஷன் யாருக்கு வாய்ப்பான்” என்று பெருமூச்சு விட்டார்கள்.

அவர் ஏன் நறுக்கினார் என்று யாருக்கும் தெரியாது. பத்துப் பன்னிரண்டு வருஷமாக மேடையில் பேசுகிறேன். இதை எந்த மேடையிலும் சொன்னதில்லை. இன்றைக்குச் சொல்கிறேன்.

2016-ல் எனக்குப் பெண் குழந்தை பிறந்தது. தவமிருந்து பெற்ற பிள்ளை. மூன்றாம் மாதம், ஒரு மத்தியானம், அரிவாள்மனையில் பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருக்கிறேன். பக்கத்தில் பாயில் குழந்தை தூங்குகிறது. திடீரென்று ஓர் எண்ணம். ‘இந்த அரிவாளை நீ பாப்பா மேல் வைத்துவிட்டால்?’

(அரங்கில் அமைதி)

உடம்பெல்லாம் வியர்த்துவிட்டது. நான் பெற்ற தாயா, பேயா? அரிவாள்மனையைத் தூக்கிப் பரணில் போட்டேன். மறுநாள் கத்தி. அதற்கு மறுநாள் கத்தரிக்கோல். பிறகு குழந்தையோடு தனியாக இருக்கவே பயம். குளிப்பாட்டப் பயம். என் அத்தை, அதாவது மாமியார், அவர்கள்தான் குளிப்பாட்டினார்கள். “என்னடி, பெத்தது நீயா நானா?” என்று கேட்டார்கள். என்ன பதில் சொல்வது? ராத்திரி பத்து மணிக்கு என் வீட்டுக்காரரை எழுப்பிக் கேட்பேன், “நான் ஒண்ணும் செஞ்சிடலியே?” “இல்லம்மா, தூங்கு” என்பார். பத்தேகாலுக்கு மறுபடி எழுப்புவேன். அவருடைய அந்த ‘இல்லம்மா’தான் எனக்குச் சடங்கு. ஒரு நாளைக்கு எத்தனை ‘இல்லம்மா’ என்று கணக்கே இல்லை.

அப்போது எனக்குத் தெரியாத ஒன்றை இப்போது எல்லாத் தாய்மார்களுக்கும் சொல்கிறேன். 1978-ம் ஆண்டிலேயே லண்டனில் ஸ்டான்லி ராக்மன் என்பவரும், இலங்கையில் பிறந்த பத்மால் டி சில்வா என்பவரும் ஓர் ஆய்வு செய்தார்கள். நோயே இல்லாத சாதாரண மனிதர்களிடம், “உங்களுக்கு இப்படி அசிங்கமான, பயங்கரமான எண்ணம் வருவதுண்டா?” என்று கேட்டார்கள். ஏறக்குறைய ஐந்தில் நான்கு பேர் ‘உண்டு’ என்றார்கள். மொட்டை மாடி விளிம்பில் நின்றால் ‘குதித்தால் என்ன’ என்று ஒரு கணம் தோன்றவில்லையா? கோயில் சன்னதியில் கெட்ட வார்த்தை மனத்தில் ஓடவில்லையா? எல்லோருக்கும் வருகிறது. பெரும்பாலானவர்கள் ‘சீ’ என்று சொல்லிவிட்டுப் பஸ் பிடிக்கப் போய்விடுகிறார்கள். என்னைப் போன்றவர்கள் அதைப் பிடித்து வைத்து விசாரணைக் கமிஷன் நடத்துகிறோம். (சிரிப்பு) அந்த எண்ணம் வந்ததும் ஒரு தாய் நடுங்குகிறாளே, அதற்குக் காரணமே அவள் பிள்ளைமேல் வைத்திருக்கிற பாசம்தான்.

சரி, வராதே என்று விரட்டினால் போகாதா? 1987-ல் அமெரிக்காவில் டேனியல் வெக்னர் என்பவர் இதையும் சோதித்துப் பார்த்துவிட்டார். சிலரை உட்கார வைத்து, “ஐந்து நிமிஷம் வெள்ளைக் கரடியை மட்டும் நினைக்காதீர்கள். நினைப்பு வந்தால் இந்த மணியை அடியுங்கள்” என்றார். நம் நடுவர் ஐயா கையில் வைத்திருக்கிறாரே, அதுபோல ஒரு மணி. நிமிஷத்துக்கு ஒரு தரத்துக்கு மேல் அடித்தார்கள்! பிறகு, “இப்போது நினைக்கலாம்” என்றதும், முதலில் அடக்கிவைத்தவர்களுக்கு, அடக்காதவர்களைவிட அதிகமாகக் கரடி வந்தது. இப்போது உங்கள் எல்லோர் வீட்டிலும் கரடி வந்திருக்குமே! (சிரிப்பு)

2018-ல் ஒரு வழியாக மனநல மருத்துவரிடம் போனோம். மாத்திரை கொடுத்தார். பலன் தெரியச் சில வாரம் ஆகும், நீயாக நிறுத்தாதே என்றார். கூடவே எதிர்கொள்ளும் சிகிச்சைக்கு அனுப்பினார். அதுதான் எதிரணியின் சிகிச்சை. பயத்தைப் படிக்கட்டு மாதிரி அடுக்கி ஒவ்வொரு படியாக ஏற வேண்டும். முதல் படி, கத்திப் படத்தைப் பார்ப்பது. அடுத்து, கத்தியை மேசையில் வைத்துக்கொண்டு உட்கார்வது. அப்புறம் குழந்தை அடுத்த அறையில் இருக்கும்போது நறுக்குவது. இப்படிப் போகும்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? வெளியே கையில் கத்தி. உள்ளே ‘முருகா முருகா முருகா’. சாமி கும்பிடுவது தப்பில்லை ஐயா. ஆனால் நான் கும்பிடவில்லை. எண்ணத்தை ரப்பர் வைத்து அழித்துக்கொண்டிருந்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு, ‘பயம் போச்சா? போச்சா?’ என்று நிமிஷத்துக்கு ஒரு முறை எட்டிப் பார்த்தேன். உலை கொதிக்கிறதா என்று தட்டைத் திறந்து திறந்து பார்த்தால் சோறு வேகுமா? நாலாவது வாரம் ‘இது எனக்கு ஆகாது’ என்று நின்றுவிட்டேன். பழுது சிகிச்சையில் இல்லை. எதிர்கொள்கிறேன் என்று சொல்லிக்கொண்டு அங்கேயும் நான் சண்டைதான் போட்டேன். எதிர்கொள்வதையே இன்னொரு சடங்காக ஆக்கிவிட்டேன். சகோதரி, உங்கள் அணியின் கதவு எனக்குச் சாத்திக்கொண்ட இடம் இதுதான்.

2019-ல் வேறொரு உளவியல் அம்மாவிடம் போனேன். அவர் எதிர்கொள்வதைக் கைவிடவில்லை. அதோடு ஏற்றுக்கொள்வதைச் சேர்த்தார். ‘அக்செப்டன்ஸ் அண்ட் கமிட்மென்ட் தெரபி’ என்று பெயர். ஏற்பும் உறுதியும் என்று நாம் சொல்லலாம். இதை உருவாக்கியவர்களில் முதன்மையானவர் ஸ்டீவன் ஹேய்ஸ் என்ற அமெரிக்கப் பேராசிரியர். அவருக்கே 1978-ல் ஒரு துறைக் கூட்டத்தில் பேச வாயைத் திறந்தால் குரல் வரவில்லை. அப்படி ஒரு பீதி. அதோடு மல்லுக்கட்டக் கட்ட அது வளர்ந்தது. மல்லுக்கட்டை நிறுத்திய பிறகுதான் வாழ்க்கை திரும்பியது என்று அவரே சொல்லியிருக்கிறார். பேச்சாளர்களுக்கு வருகிற கஷ்டம் பேச்சாளருக்குத்தான் தெரியும்! (சிரிப்பு)

அந்த அம்மா எனக்கு மூன்று விஷயம் சொல்லிக்கொடுத்தார். வீட்டில் யாருக்காவது உதவும், கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒன்று. எண்ணத்துக்குப் பெயர் சூட்டு. ‘நான் குழந்தையைக் குத்திவிடுவேன்’ என்று சொல்லாதே. ‘குத்திவிடுவேன் என்ற எண்ணம் இப்போது வந்திருக்கிறது’ என்று சொல். இரண்டும் ஒன்றுதானே என்பீர்கள். இல்லை. முதலாவது தீர்ப்பு. இரண்டாவது செய்தி. பக்கத்து வீட்டு ரேடியோவில் கொலைச் செய்தி வாசித்தால் நாம் போய்ப் போலீசில் சரணடைகிறோமா? (சிரிப்பு) ரேடியோ பாடட்டும் என்று மாவாட்டுகிறோம்.

இரண்டு. பயம் எவ்வளவு குறைந்தது என்று அளக்காதே. இந்தப் பயத்துக்கு மனத்தில் எவ்வளவு இடம் கொடுக்கச் சம்மதிக்கிறாய் என்று பார். பழைய இடத்தில் என்னை, “பயம் நூற்றுக்கு எத்தனை?” என்று கேட்பார்கள். இந்த அம்மா, “சம்மதம் எத்தனை?” என்று கேட்டார். பயம் என் கையில் இல்லை. சம்மதம் என் கையில் இருக்கிறது.

மூன்று. எதற்காக? இதுதான் முக்கியம். “எதுக்கும்மா நீ கத்தியைப் பிடிக்கணும்?” என்று கேட்டார். “பயம் போறதுக்கு” என்றேன். “அது பத்தாது. பயம் இல்லாவிட்டால் என்ன செய்வாய்?” என்றார். எனக்குத் தொண்டை அடைத்தது. “என் பிள்ளைக்கு என் கையால ஒரு மாம்பழம் நறுக்கிக் கொடுக்கணும்.” “அப்போ அதைச் செய்வோம்” என்றார்.

வீட்டுக்கு வந்து இதையெல்லாம் அத்தையிடம் சொன்னேன். பள்ளிக்கூடமே பார்க்காதவர்கள். ஒரு நிமிஷம் யோசித்துவிட்டுச் சொன்னார்கள், “இதத்தான் படிச்சுப் படிச்சுச் சொன்னாளாக்கும்? மழை பெய்யுதுன்னு மாட்டக் கறக்காம இருக்க முடியுமா தாயி? நனைஞ்சுக்கிட்டே கறக்க வேண்டியதுதான்.” (பலத்த கைதட்டல்) ஐயா, மேல்நாட்டுப் பேராசிரியர் புத்தகம் போட்டுச் சொன்னதை எங்கள் அத்தை தொழுவத்தில் நின்று சொல்லிவிட்டார்கள்!

இப்போது எதிரணிச் சகோதரிக்குப் பதில். ஏற்றுக்கொள்வது என்றால் எண்ணம் சொல்வதை நம்புவது இல்லை. அதற்குக் கீழ்ப்படிவது இல்லை. கையைக் கட்டுவதும் இல்லை. கையைக் கட்டியிருந்தது நோய்தான். மழையை ஏற்றுக்கொண்டவன்தான் தொழுவத்துக்குப் போவான். மழையோடு சண்டை போடுகிறவன் திண்ணையிலேயே நிற்பான்.

கதை மட்டும் போதுமா, ஆதாரம் எங்கே என்று கேட்பீர்கள். 2010-ல் அமெரிக்காவில் மைக்கேல் ட்வோஹிக் குழுவினர் 79 பேரிடம் சோதித்தார்கள். எட்டே அமர்வு. ஒரு பாதிக்கு ஏற்புச் சிகிச்சை, இன்னொரு பாதிக்கு உடலைத் தளர்த்தும் பயிற்சி. ஏற்புக்காரர்கள் தெளிவாக முந்தினார்கள். பிறகு 2018-ல் அவரும் ஜோனதன் அப்ரமோவிட்ஸ் முதலானோரும் 58 பேரை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பக்கம் எதிர்கொள்ளல் மட்டும். மறுபக்கம் எதிர்கொள்ளலோடு ஏற்றலும். வாரம் இரண்டு தரம், மொத்தம் பதினாறு அமர்வு. முடிவு என்ன? நான் வக்கீல் இல்லை, மறைக்க மாட்டேன். இரண்டு பக்கமும் நன்றாகக் குணம் கண்டது. இரண்டும் சமம்.

(எதிரணியில் கைதட்டல்)

தட்டுங்கள், தட்டுங்கள். சமம் என்றால் தோல்வி இல்லையே! (சிரிப்பு) நூறு ரூபாய் நோட்டும் பத்துப் பத்து ரூபாயும் மதிப்பில் சமம்தான். ஆனால் டவுன் பஸ்ஸில் ஏறி, கண்டக்டர் முன்னால் நிற்கிறவனுக்குத் தெரியும் சில்லறையின் அருமை. எதிர்கொள்ளலை மட்டும் நோட்டாகக் கொடுத்தபோது எனக்கு மாற்றத் தெரியவில்லை. ஏற்றல் அதைச் சில்லறையாக்கிக் கொடுத்தது. நோட்டே போதும் என்பவர்கள் நோட்டோடு போகட்டும். ஊர் போய்ச் சேர்வதுதான் முக்கியம்.

(நடுவர் மணி அடிக்கிறார்)

நடுவர் ஐயாவுக்குக் கரடி ஞாபகம் வந்துவிட்டது. (பலத்த சிரிப்பு) இரண்டே விஷயம் சொல்லி முடிக்கிறேன்.

முதலாவது, குடும்பத்தாருக்கு. உங்கள் வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால் ‘பைத்தியம்’ என்று சொல்லாதீர்கள். அதே சமயம், பாசம் என்று நினைத்து நூறு தரம் ‘இல்லம்மா’ சொல்லிக்கொண்டும் இருக்காதீர்கள். அது நோய்க்குப் போடுகிற தீனி. சிகிச்சை தருகிறவரோடு பேசி, எப்படிப் பதில் சொல்வது என்று முடிவு செய்யுங்கள். என் வீட்டுக்காரர் கடைசியில் இப்படிச் சொல்லப் பழகினார்: “இது நீ கேக்கல, உன் நோய் கேக்குது. அதுக்கு நான் பதில் சொல்லப் போறதில்ல. உனக்கு வேணும்னா டீ போட்டுத் தர்றேன்.” முதல் வாரம் அழுதேன், திட்டினேன். அவரும் அழுதார். ஆனால் பதில் சொல்லவில்லை, டீ மட்டும் வந்தது. பிள்ளை பெற்ற பெண்ணுக்கு எந்த விபரீத எண்ணம் வந்தாலும் மறைக்காமல் டாக்டரிடம் சொல்ல வேண்டும். எது என்ன நோய் என்று பிரித்துப் பார்ப்பது அவர் வேலை. யாரிடம் சொல்வது என்று தெரியாவிட்டால் 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். 2022-ல் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவை. காசு கிடையாது. தமிழிலேயே பேசலாம்.

இரண்டாவது, அந்த மாம்பழம். 2019, கோடைக்காலம். அடுக்களையில் உட்கார்ந்திருக்கிறேன். பரணிலிருந்து இறக்கிய அதே அரிவாள்மனை. பாப்பாவுக்கு மூன்று வயது, எதிரே உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருக்கிறாள். எண்ணம் வந்தது. பழைய எண்ணம், அதே குரல், அதே நடுக்கம். முருகாவும் சொல்லவில்லை, விரட்டவும் இல்லை. ‘வந்தியா, இரு. எனக்கு வேலை இருக்கு’ என்று மனத்துக்குள் சொல்லிவிட்டுப் பழத்தை நறுக்கினேன்.

பாப்பா கேட்டாள், “அம்மா, ஏன் ஒன் கை நடுங்குது?”

“பயமா இருக்கு பாப்பா.”

“அப்ப ஏன் நறுக்குற?”

“ஒனக்குப் பசிக்குதுல்ல?”

அவ்வளவுதான் ஐயா என் வாதம். (நீண்ட கைதட்டல்)

அந்த எண்ணம் இன்றும் எப்போதாவது வரும். வந்தால் வரட்டும். அது வருவதை நான் நிறுத்தவில்லை. எதிர்கொள்ள வேண்டும் என்று எதிரணி சொல்வது சரி. ஆனால் எதிரே போய் நின்ற பிறகு மல்லுக்கு நிற்காமல் இருக்கக் கற்றுக்கொடுப்பது ஏற்றுக்கொள்வதுதான். ஏற்காமல் எதிர்கொண்டால் அது என்னைப் போலப் பல்லைக் கடிக்கிற வேலை. எதிர்கொள்ளாமல் ஏற்றுக்கொண்டேன் என்றால் அது வெறும் வாய்ப்பேச்சு. எந்த அணிக்கு வேண்டுமானாலும் தீர்ப்புச் சொல்லுங்கள். இதைப் பார்க்கிற ஏதாவது ஒரு வீட்டில் பரண்மேல் ஓர் அரிவாள்மனை கிடக்கும். அந்தத் தாய் அதை இறக்குவதற்கு இன்று ஒரு போன் செய்தால், அதுவே எனக்குத் தீர்ப்பு.

என் வீட்டுக்காரருக்கு ஒரு வார்த்தை. இனிமேல் காய் நானே நறுக்கிக்கொள்கிறேன். ஆனால் வெங்காயம் மட்டும் தொடர்ந்து நீங்களே நறுக்குங்கள். அதற்கும் என் நோய்க்கும் சம்பந்தம் இல்லை. (பலத்த சிரிப்பு, கைதட்டல்)